மூடிய நோட்டும் மருந்தாளுநர் தேர்வும்

"படித்ததெல்லாம் தேர்வறையில் மறந்துவிட்டது" என்று ஒருமுறையேனும் புலம்பாத மாணவர் நம்மில் உண்டோ? வேதியியல் பயிலும் நானும் புலம்பியவனே. அது மறதியன்று, முதலிலேயே மனத்தில் ஏறவில்லை என்பதை எனக்கு உணர்த்தியது, டி.பார்ம் முடித்த என் அக்காவின் படிப்பு.

மருந்தாளுநராகத் தொழில் செய்ய, 1948-ஆம் ஆண்டின் பார்மசி சட்டப்படி பதிவு பெறவேண்டும். பட்டயம் பெற்றவர்கள் பதிவுக்கு முன் 'எக்ஸிட்' தேர்விலும் தேறவேண்டும் என இந்திய பார்மசி கவுன்சில் 2022-இல் விதி வகுத்தது. 2024 அக்டோபரில் அத்தேர்வு முதன்முறையாக நடைபெற்றது. தாள்கள் மூன்று. ஒவ்வொன்றிலும் 50 விழுக்காடு, அதுவும் ஒரே முறையில் பெறவேண்டும். வினாக்களோ ஆங்கிலத்தில்! பள்ளியில் தமிழ்வழி பயின்ற அக்காவுக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது.

விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, நோட்டில் சிவப்பு மையால் கோடிட்டு, உரக்க வாசிப்பாள். (பக்கத்து வீட்டுச் சேவலுக்கு வேலையில்லாமற் போயிற்று.) வாசிக்கையில் எல்லாம் தெரிந்தது போலவே இருக்கும். ஒருநாள் விளையாட்டாக நோட்டைப் பிடுங்கிக் கேட்டேன்: "12 கிலோ எடையுள்ள குழந்தைக்குக் காய்ச்சல். கிலோவுக்கு 15 மில்லிகிராம் பாரசிட்டமால் என்றால் எவ்வளவு கொடுப்பாய் அக்கா?"

"180 மில்லிகிராம்" என்றாள் சட்டென்று.

"அது எத்தனை மில்லி?"

விழித்தாள். 5 மில்லியில் 120 மில்லிகிராம் கொண்ட சிரப் எனில் 7.5 மில்லி. 240 மில்லிகிராம் கொண்டதெனில் அதில் பாதி. மில்லிக்கு 100 மில்லிகிராம் உள்ள சொட்டு மருந்தெனில் 1.8 மில்லியே போதும். லேபிளைப் பாராமல் சொட்டு மருந்தை 7.5 மில்லி ஊற்றினால் உள்ளே போவது 750 மில்லிகிராம், நான்கு மடங்குக்கும் மேல்! பாரசிட்டமால் அளவு மிஞ்சினால் கெடுவது கல்லீரல். அன்றிரவு அக்கா சரியாகச் சாப்பிடவில்லை. "நாளைக்குக் கடையில் நிற்கப் போகிறவள் நான்தானேடா" என்றாள்.

மறுநாள் முதல் முறை மாறியது. கிழித்த நாட்காட்டித் தாள்களின் பின்புறம் கேள்வி மட்டும் எழுதினோம். நோட்டை மூடிவைத்து விடை சொல்லவேண்டும். தவறியவை தனிக் கட்டாகும். மூன்று நாள் கழித்து மீண்டும் வரும். 2006-இல் ரோடிகர், கார்ப்பிக் என்னும் அமெரிக்க உளவியலாளர் வெளியிட்ட ஆய்வும் இதையே காட்டியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பத் திரும்ப வாசித்தவர்களே முந்தினர். ஒரு வாரம் கழித்தோ, பார்க்காமல் நினைவுகூர்ந்து எழுதிப் பழகியவர்களுக்கே அதிகம் நினைவிருந்தது.

சட்டப் பாடந்தான் அக்காவுக்கு வேப்பங்காய். அதற்காக நான் வாடிக்கையாளனாக வேடமிட்டேன். 'எச்1' பட்டியல் மருந்தைச் சீட்டின்றிக் கேட்டு, கெஞ்சி, சண்டையும் போடுவேன். அவள் மறுக்கவேண்டும், சீட்டுடன் வந்தால் எழுதியவர் பெயர், நோயாளி பெயர், மருந்து, அளவு எல்லாம் தனிப் பதிவேட்டில் ஏறவேண்டும், பதிவேட்டை மூன்றாண்டு காக்கவேண்டும். இதை அவள் பிறகு மறக்கவேயில்லை.

மூன்று தாள்களிலும் தேறினாள். இப்போது நாட்காட்டித் தாள்களில் இருப்பவை என் கரிம வேதியியல் வினைகள். கேள்வி கேட்பவள் அக்கா. தவறிய கட்டு இன்னும் கனமாகத்தான் இருக்கிறது.