ஊசிக்கு முன்னால் இரண்டு காலைப் பரிசோதனைகள்

கோவிலம்பாக்கத்தில் மருத்துவமனைக்குப் பஞ்சமில்லை. பல்லாவரம்–துரைப்பாக்கம் 200 அடி ரேடியல் சாலையில் ஊருக்குள்ளேயே காவேரி மருத்துவமனை இருக்கிறது. அதே சாலையில் கிழக்கே போனால் பள்ளிக்கரணையில் காமாட்சி, மேற்கே குரோம்பேட்டையில் ரேலா, மேடவாக்கம் தாண்டினால் பெரும்பாக்கத்தில் கிளெனீகிள்ஸ். சர்க்கரைக்கும் தைராய்டுக்கும் தயங்காமல் டாக்டரைப் பார்க்கும் ஆண்கள், டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் விஷயத்தில் மட்டும் வேறு வழிகளைத் தேடுகிறார்கள். ஒருவர் சுவரொட்டியில் உள்ள எண்ணுக்கு போன் செய்கிறார். இன்னொருவர் ஜிம்மில் யாரோ கொடுத்த ஊசியைப் போட்டுக்கொள்கிறார். இரண்டுமே உடம்புக்கும் பணத்துக்கும் கேடு. ‘ஆண்மைக்குறைவைக் குணப்படுத்துகிறோம்’ என்று விளம்பரம் செய்வதையே 1954-ஆம் ஆண்டின் மருந்துகள், மாயத் தீர்வுகள் சட்டம் தடை செய்கிறது. ஆனாலும் அந்த விளம்பரங்கள் பிழைத்திருப்பதற்குக் காரணம் நம் கூச்சம்தான்.

குறைபாடு எங்கே தொடங்குகிறது?

ஆண்களின் உடலில் டெஸ்டோஸ்டிரோனைப் பெரும்பாலும் சுரப்பவை விரைகளில் உள்ள லேடிக் செல்கள். ‘சுரக்கலாம்’ என்ற கட்டளை மூளையிலிருந்து வருகிறது. ஹைபோதலாமஸ் தூண்ட, பிட்யூட்டரி சுரப்பி எல்.எச். என்ற ஹார்மோனை ரத்தத்தில் அனுப்புகிறது. விரையே பழுதானால் டெஸ்டோஸ்டிரோன் குறையும். அதை ஈடுகட்ட எல்.எச். ஏறும். பிட்யூட்டரியில் கோளாறு என்றால் இரண்டுமே குறைவாக இருக்கும், அல்லது எல்.எச். ஏற வேண்டிய அளவுக்கு ஏறாது. எந்த இடத்தில் சிக்கல் என்பதைப் பொறுத்து சிகிச்சையே மாறும். அதனால்தான் டெஸ்டோஸ்டிரோன் குறைவு என்று தெரிந்ததும் டாக்டர் எல்.எச்., எஃப்.எஸ்.எச்., புரோலாக்டின் ஆகிய பிட்யூட்டரி ஹார்மோன்களின் பரிசோதனைகளையும் எழுதிக்கொடுக்கிறார். வீண் செலவு என்று அவற்றை விட்டுவிடக் கூடாது. பிட்யூட்டரியில் வளரும் கட்டி சில நேரம் இப்படித்தான் வெளிச்சத்துக்கு வருகிறது.

பெரியவர்களான பிறகு வரும் பொன்னுக்குவீங்கி, விரையில் பட்ட அடி, புற்றுநோய் சிகிச்சை போன்றவை விரையைப் பழுதாக்கலாம். ஒரு எக்ஸ் குரோமோசோம் கூடுதலாக இருக்கும் கிளைன்ஃபெல்டர் நிலை ஏறத்தாழ 600 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு இருக்கிறது. குழந்தையில்லை என்று பரிசோதனைக்குப் போகும்வரை பலருக்கு அது தெரிவதே இல்லை. இவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் சிகிச்சை அவசியமானது, பலன் தருவது.

களைப்பு, ஆர்வக்குறைவு, தொப்பை என்று வரும் நடுத்தர வயதுக்காரர்கள் அனைவரும் இந்தப் பட்டியலில் சேர்வதில்லை. எட்டு ஐரோப்பிய நகரங்களில் 40 முதல் 79 வயது வரையிலான 3,369 ஆண்களிடம் நடத்திய ஆய்வு 2010-இல் வெளியானது. பாலியல் அறிகுறிகள், ரத்த அளவு இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோது, உண்மையான குறைபாடு இருந்தவர்கள் 2.1 சதவீதம் மட்டுமே. உடல் பருமன், சர்க்கரைநோய், தூக்கமின்மை, குறட்டையோடு மூச்சு நிற்பது, மனச்சோர்வு, வலிக்காக நீண்டநாள் எடுக்கும் ஓபியாய்டு மாத்திரைகள் ஆகியவை அதே அறிகுறிகளைத் தரும். பழைய மகாபலிபுரம் சாலையில் இரவு ஷிப்ட் பார்ப்பவர்கள் ஒரு தகவலைக் கவனிக்க வேண்டும். ஆரோக்கியமான இளைஞர்களை ஒரு வாரம் இரவில் ஐந்து மணி நேரம் மட்டும் தூங்கவிட்டு சிகாகோ பல்கலைக்கழகத்தில் பரிசோதித்தபோது, பகல்நேர டெஸ்டோஸ்டிரோன் 10 முதல் 15 சதவீதம் குறைந்தது. இதற்கு மருந்து தூக்கம்.

காலை, வெறும் வயிறு, இரண்டு முறை

டெஸ்டோஸ்டிரோன் அதிகாலையில் உச்சத்தில் இருக்கும், மாலைக்குள் இறங்கிவிடும். சாப்பிட்டாலும் குறையும். எனவே காலை 7 மணியிலிருந்து 10 மணிக்குள், வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வேண்டும். மாலையில் வேலை முடிந்து வரும் வழியில் கொடுத்த ரத்தத்தை வைத்துக் குறைபாடு என்று முடிவுகட்டுவது தவறு. காய்ச்சலில் கிடக்கும்போதும் இந்தப் பரிசோதனை வேண்டாம். முதல் முறை குறைவாக வந்தால் வேறொரு நாள் காலையில், முடிந்தால் அதே லேபில், மறுபடி பார்க்க வேண்டும். லேபுக்கு லேப் முறை மாறும் என்பதால் எண்ணும் மாறும். டெசிலிட்டருக்கு 300 நானோகிராம் என்பதை அமெரிக்க யூராலஜி சங்கம் எல்லையாக வைத்திருக்கிறது. அறிகுறிகளும் இருந்து, இரண்டு காலைகளிலும் அளவு குறைந்திருந்தால்தான் குறைபாடு.

பருமனானவர்களுக்கு இன்னொரு நுணுக்கம் உண்டு. ரத்தத்தில் இந்த ஹார்மோனைச் சுமந்து செல்லும் எஸ்.எச்.பி.ஜி. என்ற புரதம் அவர்களுக்குக் குறைவு. அதனால் மொத்த அளவு குறைவாகத் தெரிந்தாலும், உடல் பயன்படுத்தும் கட்டற்ற டெஸ்டோஸ்டிரோன் போதுமானதாக இருக்கக்கூடும். எல்லையை ஒட்டி எண் வந்தால் எஸ்.எச்.பி.ஜி. பார்க்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

எண்ணெயில் கரைந்த ஹார்மோன்

1935-இல் ஆம்ஸ்டர்டாமில் எர்ன்ஸ்ட் லாக்கர் குழுவினர் காளைகளின் விரைகளிலிருந்து டெஸ்டோஸ்டிரோனைப் பிரித்தெடுத்தார்கள். அதே ஆண்டில் புட்டெனான்ட்டும் ருசிச்காவும் அதைச் செயற்கையாகத் தயாரித்தார்கள். 1939-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் இருவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. ஆனால் தூய டெஸ்டோஸ்டிரோனை விழுங்கினால் கல்லீரல் அதைச் சிதைத்துவிடும். ஊசியாகப் போட்டால் சீக்கிரமே மறைந்துவிடும். இதற்குக் கண்ட வழி, மூலக்கூறில் ஒரு கொழுப்பு அமில வாலைச் சேர்ப்பது. வால் நீளமாக நீளமாக, தசையில் தங்கியிருக்கும் காலமும் நீளும்.

மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் சஸ்டனான் 250 ஆம்பூலின் அட்டையைப் படித்தால் இது புரியும். புரோபியனேட் 30 மில்லிகிராம், ஃபீனைல்புரோபியனேட் 60, ஐசோகாப்ரோயேட் 60, டெக்கனோயேட் 100 என்று குட்டை வாலும் நீள வாலுமாக நான்கு எஸ்டர்கள் (வால் சேர்த்த வடிவங்கள்), கடலை எண்ணெயில் கரைந்திருக்கும். வேர்க்கடலை ஒவ்வாமை உள்ளவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். 11 கார்பன் வாலுள்ள அன்டெக்கனோயேட் ஆமணக்கு எண்ணெயில் வருகிறது. புட்டத்தில் மெதுவாகச் செலுத்த வேண்டும். 10 முதல் 14 வாரம் தாங்கும். தினமும் தோலில் தடவும் ஜெல்லும் உண்டு. அது உலர்வதற்குள் குழந்தையையோ மனைவியையோ தொட்டால் அவர்கள் உடலிலும் ஏறும்.

செலவை ஆண்டுக் கணக்கில் பாருங்கள்

ஒரு ஊசியின் விலையை மட்டும் விசாரித்துவிட்டு இறங்கக் கூடாது. சஸ்டனான் மூன்று வாரத்துக்கு ஒன்று என்றால் ஆண்டுக்கு 17 ஊசி. அன்டெக்கனோயேட் முதல் ஆண்டில் ஐந்து. ஜெல் 365 நாளும். இதோடு ஆலோசனைக் கட்டணம், ஊசி போடும் கட்டணம், தொடர் பரிசோதனைகள். பலருக்கு இது வாழ்நாள் சிகிச்சை. வீட்டு வாடகைபோல மாதாமாதம் கட்ட முடிகிற தொகையா என்று பார்த்தே வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

தனியார் மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் மருத்துவமனையில் சேர்ந்தால்தான் பணம் தரும். வெளிநோயாளியாகப் போடும் ஊசிக்குத் தராது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டமும் பெரும்பாலும் உள்நோயாளி சிகிச்சைகளுக்கானதே. இ.எஸ்.ஐ. அப்படியல்ல. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கும் தொழிலாளருக்கு வெளிநோயாளி சிகிச்சையும் மருந்தும் அதில் அடங்கும், கே.கே. நகரில் இ.எஸ்.ஐ. மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அரசு மருத்துவமனை என்றால், பல்லாவரத்தில் மின்சார ரயில் ஏறி பார்க் ஸ்டேஷனில் இறங்கினால் எதிரே ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை. அங்கே நாளமில்லாச் சுரப்பி மருத்துவத் துறை இயங்குகிறது. எங்கே போனாலும் பார்க்க வேண்டியவர் நாளமில்லாச் சுரப்பி மருத்துவர், அல்லது ஆண்கள் நலத்தில் பயிற்சி பெற்ற யூராலஜிஸ்ட். மருந்து ‘எச்’ அட்டவணையில் இருப்பதால் டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது.

திருநம்பிகளுக்கும் இதே ஹார்மோன்தான் மருந்து. திருநர்களுக்கு ஹார்மோன் சிகிச்சை கிடைக்க அரசு வழிசெய்ய வேண்டும் என்று 2019-இல் இயற்றப்பட்ட திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் சொன்னது. இந்தியாவிலேயே முதலில், 2008-இல், திருநங்கைகள் நல வாரியம் அமைத்த மாநிலம் நம்முடையது. தாம்பரம் பகுதியின் அரசு மருத்துவமனைகளிலேயே ஹார்மோன் கிளினிக் நடந்தால், ஊசிக்காக நகரத்துக்குள் அலையும் திருநம்பிகளும் குறைபாடுள்ள ஆண்களும் ஒருசேரப் பயன் பெறுவார்கள்.

தெரிந்தே தொடங்க வேண்டியது

வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்ததும் மூளை எல்.எச். அனுப்புவதை நிறுத்திக்கொள்ளும். விரைகள் சுருங்கும், விந்தணு பூஜ்யத்துக்கே இறங்கலாம். குழந்தை வேண்டும் என்பவர் இதைத் தொடங்கவே கூடாது. பிட்யூட்டரிக் குறைபாடு உள்ளவர்களுக்கு விரையைத் தூண்டும் எச்.சி.ஜி. ஊசி போன்ற மாற்று வழிகள் உண்டு. ஜிம் ஊசி போட்ட இளைஞர்கள் கல்யாணமான பிறகு கருத்தரிப்பு மையங்களில் காத்திருக்க நேர்வது இதனால்தான்.

ரத்தம் கெட்டிப்படுவது இன்னொரு ஆபத்து. ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கைக் காட்டும் ஹீமட்டோகிரிட் 54 சதவீதத்தைத் தாண்டினால் மருந்தை நிறுத்த வேண்டும். இதயநோயோ அதற்கான வாய்ப்போ உள்ள 5,246 ஆண்களிடம் நடந்த ‘டிராவர்ஸ்’ ஆய்வின் முடிவு 2023-இல் வந்தது. மாரடைப்பும் பக்கவாதமும் கூடவில்லை என்பது நல்ல செய்தி. ஆனால் இதயத் துடிப்புக் கோளாறும் நுரையீரலில் ரத்தக்கட்டியும் சற்றுக் கூடுதலாக இருந்தன. 65 வயது கடந்த 790 பேரிடம் நடத்தி 2016-இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வில் பாலியல் ஆர்வம் ஓரளவு கூடியது. உடல் தெம்பு குறிப்பிடும்படி கூடவில்லை.

ஆகவே முதல் பணத்தை ஊசிக்குக் கொடுக்காதீர்கள், இரண்டு காலை நேர ரத்தப் பரிசோதனைகளுக்குக் கொடுங்கள். குறைபாடு உறுதியானால் தயக்கமில்லாமல் சிகிச்சை எடுங்கள். மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் ஒருமுறையும், பிறகு ஆண்டுதோறும் ஹீமட்டோகிரிட், பி.எஸ்.ஏ. (புராஸ்டேட்டுக்கான ரத்தப் பரிசோதனை), ஹார்மோன் அளவு ஆகியவற்றைப் பாருங்கள். குறைபாடு இல்லையென்றால் அந்தப் பணமும் மிச்சம், களைப்பின் உண்மையான காரணத்தைத் தேடும் வேலையும் அன்றே தொடங்கிவிடும்.