நீலப்பறவைக்கு ஒரு பிடி புழு

வட அமெரிக்காவின் கிழக்குப் பிரதேசத் தோட்டங்களில் வசிக்கும் நீலப்பறவை, பொந்துகளிலேயே கூடு கட்டும் சுபாவமுடையதாதலால், ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட சிட்டுக்குருவியும் ஸ்டார்லிங்கும் அப்பொந்துகளை அபகரித்துக்கொள்ளவே, இருபதாம் நூற்றாண்டில் வெகுவாக அருகிப்போயிற்று. லாரன்ஸ் செலெனி என்னும் அன்பர் 1978-இல் நிறுவிய நீலப்பறவைச் சங்கத்தின் தூண்டுதலால் தோட்டந்தோறும் மரப்பெட்டிக் கூடுகள் பெருகின, பறவையும் மீண்டது. குஞ்சு பொரிக்குங்காலத்தில் அதற்கு ஆகாரமாக ஜனங்கள் வீட்டிலேயே வளர்ப்பது மாவுப்புழு.

தானியங்களை நாடும் ஒரு கருவண்டின் இளம்பருவமே இது. வழுவழுப்பான தொட்டியில் கோதுமைத் தவிட்டைப் பரப்பி, ஈரத்துக்காகக் காரட் துண்டொன்றை வைத்து, பூஞ்சணம் பிடிக்குமுன் மாற்றிவந்தால், வேறு ஜலமின்றியே அவை வளர்ந்து, கூட்டுப்புழுவாகி, வண்டாகி, நூற்றுக்கணக்கில் முட்டையிட்டு வம்சத்தைப் பெருக்குகின்றன. குளிர்ப்பெட்டியில் வைத்தால் வளர்ச்சி மந்தமாகும்.

ஆயினும் இப்புழுவில் சுண்ணாம்புச்சத்து மிகக் குறைவு, பாஸ்பரஸோ அதிகம். தாடிப் பல்லி முதலிய ஊர்வனவற்றை வளர்ப்போர், சுண்ணாம்புச்சத்துப் பொடி தூவாமல் இதையே நாள்தோறும் கொடுத்தால், அப்பிராணிகளின் எலும்பு மிருதுவாகிக் கால்கள் வளைந்துவிடும். தானே இரைதேட இயலாதபடி ஒரு ஜீவனை அடைத்து வைத்தவர் இதில் அசிரத்தை காட்டுவது பெரும் பாபமென்றே கருதுகிறேன். பறவைக்கும் ஒரு பிடியே போதும். உலர்ந்த புழுவானால் ஊறவைத்தே இட வேண்டும். மற்றபடி வெட்டுக்கிளியையும் சிலந்தியையும் அது தானே தேடிக்கொள்ளும்.