கட்டுரைக்கு முன் பிறக்கும் சுருக்கம்

நீண்ட உரைப்பகுதியைச் சுருக்கி வரைதல் தமிழ் வகுப்புகளில் நெடுங்காலமாக நடந்துவரும் பயிற்சியாகும். மாணவன் முன்னே முழு உரையும் இருக்கும். அதனைப் படித்துக் கருத்துகளைத் திரட்டி, மூன்றில் ஒரு பங்காகக் குறுக்குவதே அவன் பணி. அறிவியல் மாநாட்டுக்கு அனுப்பப்பெறும் ஆய்வுச் சுருக்கமோ இதனின் வேறானது. அதனை எழுதும் வேளையில், சுருக்கப்பட வேண்டிய கட்டுரை பெரும்பாலும் எழுதப்பட்டே இராது. இல்லாத கட்டுரையைச் சுருக்குவது எங்ஙனம்? இதற்கு விடை காணக் காற்றாற்றல் துறை நல்லதோர் எடுத்துக்காட்டாக அமைகிறது.

‘காற்றிலிருந்து முறுக்குவிசை பெறும் அறிவியல்’ என்னும் பொருள்படும் பெயருடன் ஐரோப்பாவில் ஒரு மாநாடு நடைபெற்று வருகிறது. அறிஞர்கள் இதனை ‘டார்க்’ மாநாடு என்பர். காற்று, ஆலையின் இறக்கைகளைத் தள்ளித் தண்டினைத் திருப்பும் விசையே முறுக்குவிசை. இதன் முதற் கூட்டம் 2004ஆம் ஆண்டு நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் கூடியது. 2016இல் மியூனிக்கிலும், 2018இல் மிலானிலும், 2024இல் ஃபிளாரன்சிலும் நடைபெற்றது.

இத்தகைய மாநாட்டுக்கு வர விரும்புவோர் பல திங்கள்களுக்கு முன்னரே, குறித்த நாளுக்குள், தம் ஆய்வுச் சுருக்கத்தை அனுப்புதல் வேண்டும். துறை வல்லுநர்கள் அதனைப் படித்து மதிப்பிடுவர். சில சுருக்கங்கள் மேடையில் உரையாற்றத் தேர்வு பெறும், சில, படங்களும் விளக்கமும் அடங்கிய தாளாகச் சுவரில் காட்சி பெறும், எஞ்சியவை விலக்கப்படும். முழுக் கட்டுரை பின்னரே வரும். அதுவும் மீண்டும் மதிப்பிடப்பெறும். ஆகவே, ஓர் ஆய்வாளனின் ஓராண்டு உழைப்பை அம்மன்றத்தில் முதற்கண் எடுத்துரைப்பது அச்சிறு பகுதி ஒன்றேயாம். நல்ல ஆய்வும் மங்கலான சுருக்கத்தால் வாயிலிலேயே நின்றுவிடக்கூடும்.

மங்கல் என்பது யாது? ‘காற்றாலைகளின் வரிசையமைப்பு ஆராயப்பட்டது, பயனுள்ள முடிவுகள் கிடைத்தன, அவை மாநாட்டில் விளக்கப்பெறும்’ என்று ஒருவர் எழுதினார் எனக் கொள்க. இதில் இலக்கணப் பிழை ஏதுமில்லை. ஆயினும் செய்தி ஏதுமில்லை. எந்த ஆலைகள்? எத்துணை உயரத்தில் அளந்த காற்று? எவ்வளவு காலம்? முடிவு என்ன? இவற்றுள் ஒன்றுக்கும் அங்கு விடையில்லை.

காற்றாற்றல் துறையில் எண்கள் இன்றியமையாதனவாக இருப்பதற்கு இயற்கையே காரணம். காற்றின் ஆற்றல் அதன் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. வேகம் இருமடங்கானால் ஆற்றல் எட்டு மடங்காகும். நொடிக்கு 8 மீட்டர் வீசும் காற்றை 8.8 மீட்டர் எனத் தவறாகக் கொண்டால், வேகத்தில் பிழை 10 விழுக்காடுதான். ஆற்றலிலோ அது ஏறத்தாழ 33 விழுக்காடாகிவிடும். எனவே ‘நல்ல காற்று’, ‘மிகுந்த விளைவு’ என்னும் சொற்கள் இத்துறையில் எதனையும் உணர்த்தா.

டென்மார்க்கின் மேற்குக் கரைக்கு அப்பால், வட கடலில், ‘ஹார்ன்ஸ் ரெவ்’ என்னுமிடத்தில் 2002ஆம் ஆண்டு 80 காற்றாலைகள் வரிசை வரிசையாக நிறுவப்பட்டன. முன்நிற்கும் ஆலை காற்றின் விசையைக் கவர்ந்துகொள்வதால், பின்நிற்பவற்றுக்குத் தளர்ந்த காற்றே எட்டும். காற்று வரிசையின் வழியே நேராக வீசுங்கால் இழப்பு மிகும். சற்று விலகி வீசினால் குறையும். இதனை ஆராய்ந்தவர், காற்றுத் திசை, வேகம், ஆலைகளின் இடைவெளி, அளவீட்டுக் காலம், கண்ட இழப்பு, கணிப்புக்கும் அளவீட்டுக்கும் உள்ள வேறுபாடு ஆகியவற்றைச் சில வரிகளில் தந்துவிட்டால், படிப்பவர் அந்த ஆய்வை எடைபோட இயலும்.

இனி, முடிவு இன்னும் முழுமையாகக் கிட்டவில்லையெனில் என் செய்வது? இங்குதான் சோதனை இருக்கிறது. குறித்த நாள் நெருங்க நெருங்க, வரப்போகும் முடிவை வந்ததாகவே எழுதிவிடும் ஆசை எழும். பின்னர் அளவீடுகள் வேறு கூறுமாயின், ஆய்வாளன் கட்டுரையை மீட்டுக்கொள்ள வேண்டும். அன்றேல் எண்களை வளைக்க வேண்டும். முன்னது வெட்கம், பின்னது குற்றம். ‘ஓராண்டு அளவீடுகளில் ஐந்து திங்களுக்குரியவை ஆராயப்பட்டுள்ளன; அவை காட்டுவது இது; எஞ்சியவை மாநாட்டுக்குள் முடிக்கப்பெறும்’ என்று எழுதுவதில் இழுக்கு ஏதுமில்லை. முடிந்ததையும் முடியாததையும் பிரித்துக் காட்டும் சுருக்கமே நம்பிக்கைக்குரியது.

தமிழ் மரபில் இதற்கு ஓர் உறவு உண்டு. நூலின் முகப்பில் நிற்கும் சிறப்புப் பாயிரம், நூல் நுதலிய பொருளையும் அதன் எல்லையையும் பயனையும் கூறும். ஆயினும், தன்னைத் தான் புகழ்தல் தகாது என்பதால் அதனைப் பிறர் பாடுவதே முறையாயிற்று. மாநாட்டுச் சுருக்கமோ ஆய்வாளன் தன் ஆய்வுக்குத் தானே எழுதும் பாயிரம். புகழுரைக்கு அங்கு இடமில்லை. பொருளும் எல்லையும் பயனும் போதும்.

ஆதலின், வகுப்பில் சுருக்கி வரையக் கற்பிக்கும் ஆசிரியர், ஒருநாளேனும் மாணவர்க்கு வேறொரு பணியைத் தரலாம்: இன்னும் எழுதாத கட்டுரையைச் சுருக்கித் தருமாறு கேட்கலாம். தான் அறிந்தது எது, அறியாதது எது என்பதை மாணவன் அன்று உணர்வான்.