தாங்கிக்குள் தண்ணீர் வந்த வழி

காலபோக நெல்லு ஏற்றவென்று உருத்திரபுரத்துக் கமக்காரர் ஒருவர் பழைய டீசல் ஹைலக்ஸ் பிக்கப் வாங்கப் போனால் என்ஜினைப் பார்ப்பார், ரயரைப் பார்ப்பார், சேசியில் கறள் இருக்கிறதா என்று குனிந்தும் பார்ப்பார். எரிபொருள் தாங்கிக்குள் என்ன கிடக்கிறது என்பதை மட்டும் பார்க்கமாட்டார். மாரியில் வண்டி விக்கி விக்கி நிற்கும்போதுதான் அந்த நினைப்பு வரும்.

தாங்கியில் தண்ணீர் என்றதும், இரவுக் குளிரில் காற்றின் ஈரம் வேர்த்து இறங்கியது என்று சொல்லிவிடுவது வழக்கம். கணக்குப் போட்டால் அந்தக் காற்று அவ்வளவு குற்றவாளி இல்லை. 60 லீற்றர்த் தாங்கி வெறுமையாகவே இருந்து இரவில் 8 பாகை குளிர்ந்தாலும், உள்ளே இழுபடும் காற்று ஒன்றரை லீற்றர் சொச்சம்தான். 30 பாகையில் ஈரம் நிறைந்த ஒரு லீற்றர் காற்றில் இருப்பது ஏறக்குறைய 30 மில்லிகிராம் நீராவி. அத்தனையும் தண்ணீரானாலும் வருடம் முழுக்கச் சேர்வது ஒரு மேசைக்கரண்டிக்குச் சற்றுக் கூட.

பரலைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்குள் மண்ணெண்ணெயில் வாகனம் ஓட்டிய வன்னி இது. 2022இல் கியூஆர் முறையோடு எரிபொருளுக்கு வரிசையில் நின்றதும் மறக்கவில்லை. கிடைத்ததைக் கானிலும் பரலிலும் சேர்த்து வைக்கும் பழக்கத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் வெளியில் நிமிர்த்தி வைத்த பரலின் மேல்தட்டில் மழைநீர் தேங்கும். இரவில் உள்ளிருக்கும் காற்று குளிர்ந்து சுருங்க, இறுகாத மூடிவழியே காற்றுக்குப் பதில் அந்தத் தண்ணீரே இழுபடும். பரலைச் சரித்து, மூடிகளில் நீர் தேங்காதபடி வைத்தால் இந்த வழி அடைபட்டுவிடும். றப்பர் காய்ந்துபோன தாங்கி மூடியும் இப்படியே தண்ணீரை உள்ளே விடும்.

டீசல் தண்ணீரைவிட இலேசு. அதனால் தண்ணீர் அடியில் தங்கி, தகட்டைக் கறள் பிடிக்க வைக்கும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஹார்மோகோனிஸ் ரெசினே என்ற பூஞ்சை டீசலையே தின்று வளரும். ஃபில்டரை அடைக்கும் கறுத்த வழுவழுப்பு பெரும்பாலும் அதுதான். புது ஃபில்டர் போட்டுச் சில நாளில் அதுவும் அடைபட்டால் தாங்கியைக் கழுவாமல் தீராது.

எல்லா நிற்றலும் தண்ணீரால் அல்ல. நன்றாக ஓடிய வண்டி சில கிலோமீற்றரில் இழுவை குறைந்து நிற்க, மூடியைத் திறந்ததும் ‘உஸ்’ என்று காற்று உள்ளே போனால், அடைபட்டிருப்பது காற்றுத் துவாரம். சந்தேகமிருந்தால், இரவு முழுக்க நின்ற வண்டியின் ஃபில்டர் அடித் திருகைக் காலையில் தளர்த்தி, வருவதைக் கண்ணாடிப் போத்தலில் பிடித்து வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகத் தெரியும். வாங்குமுன் செய்தால் விலை பேசவும் உதவும்.

ஓட்டை விழுந்த தாங்கியை, ‘டீசல்தானே, அதுவும் காலி’ என்று அப்படியே வெல்டிங்குக்குக் கொடுக்காதீர்கள். ஒட்டிய மிச்சம் சூட்டில் ஆவியாகிக் காற்றோடு கலந்தால் வெடிக்கும்; நிறைந்த தாங்கியைவிடக் காலித் தாங்கிக்குள்தான் அதற்கு வேண்டிய காற்று இருக்கிறது.