விசையுந்தின் திருப்பமைப்பும் எரிபொருள் கலன் இடைவெளியும்

பழைய விசையுந்துகளில் (மோட்டார் சைக்கிள்) கைப்பிடி இறுகியோ தளர்ந்தோ திரும்புவதும், முழுவதும் திருப்பும்போது அது பெட்ரோல் கலனில் இடிப்பதும் அடிக்கடி சேர்ந்தே காணப்படும் பழுதுகள் ஆகும். இரண்டும் சட்டத்தின் கழுத்துப் பகுதியைச் சார்ந்தவை என்பதால் ஒன்றாகவே சோதிக்கப்பட வேண்டும். 1955 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் சென்னை திருவொற்றியூரில் தயாரித்த பழைய புல்லட் வண்டிகள் தமிழ்நாட்டில் இன்றும் ஓடுகின்றன. காரியாபட்டி போன்ற சிற்றூர்களில் இத்தகைய வண்டியை வைத்திருப்போருக்கு இச்சோதனை முறை பயன்படும்.

அமைப்பு

முன் கவையின் தண்டு, சட்டத்தின் கழுத்துக் குழலுக்குள் சுழல்கிறது. குழலின் மேலும் கீழும் எஃகுக் குண்டுகளும் அவை உருளும் கிண்ணங்களும் உள்ளன. பட்டறைகளில் இது 'கோன் செட்' எனப்படுகிறது. கவையின் இரு குழல்களையும் இணைக்கும் கீழ்த் தட்டில் அல்லது கழுத்தில் உள்ள தடுப்பு முனைகள், கைப்பிடி ஓர் எல்லைக்கு மேல் திரும்பாமல் நிறுத்துகின்றன. கலன் சட்டத்தின் மீது ரப்பர் மெத்தைகளுடன் பொருத்தப்பட்டுள்ளது.

அறிகுறிகள்

* முன் பிரேக்கைப் பிடிக்கும்போது கழுத்தில் 'டக்' என்ற ஒலி எழுந்தால் கோன் செட் தளர்ந்துள்ளது.
* மெதுவாகச் செல்லும்போது வண்டி நேராகச் செல்லாமல் இருபுறமும் அலைந்தால் கோன் செட் மிகையாக இறுகியிருக்கலாம்.
* கைப்பிடி நேர்நிலையில் மட்டும் சிக்கி நின்றால் கிண்ணங்களில் குழி விழுந்துள்ளது. இதனை இறுக்கிச் சரிசெய்ய இயலாது. கோன் செட்டை மாற்ற வேண்டும்.
* கலனின் முன்பகுதியில் வண்ணம் தேய்ந்திருந்தால் கைப்பிடியோ கம்பிவடமோ உரசுகிறது.

சோதிக்கும் முறை

முதலில் வண்டியை நடுத்தாங்கியில் நிறுத்தி, முன்சக்கரம் தரையில் படாதவாறு உயர்த்த வேண்டும். கவையின் கீழ்முனைகளைப் பிடித்து முன்னும் பின்னும் அசைக்கும்போது, கழுத்தில் வைத்த விரலில் அசைவு உணரப்பட்டால் கோன் செட் தளர்ந்துள்ளது. கழுத்து அசையாமல் கீழ்க் குழல்கள் மட்டும் அசைந்தால் தேய்மானம் கவையில் உள்ளது. கம்பிவடங்கள் இழுக்காத நிலையில், சற்றே தள்ளினால் சக்கரம் தானாகவே பக்கவாட்டில் சாய வேண்டும்.

கோன் செட்டைச் சரிசெய்த பின்னரே கலன் இடைவெளியை அளக்க வேண்டும். தளர்ந்த கழுத்தில் கவை சாய்வதால் அளவு பிழையாகும். கலனின் மீது சிறு களிமண் உருண்டையை ஒட்டி, கைப்பிடியை எல்லை வரை மெதுவாகத் திருப்ப வேண்டும். நசுங்கிய களிமண்ணின் தடிமனே இடைவெளி ஆகும். இருபுறமும் இவ்வாறு அளந்து ஒப்பிட வேண்டும்.

இருபுறமும் இடைவெளி ஒரே அளவில் குறைந்திருந்தால், ரப்பர் மெத்தைகள் நைந்து கலன் இடம்பெயர்ந்திருக்கலாம். வேறு வடிவக் கைப்பிடி அல்லது வேறு வண்டியின் கலன் பொருத்தப்பட்டிருக்கவும் கூடும். ஒருபுறம் மட்டும் குறைந்திருந்தால், கைப்பிடியின் வளைவு, கவையின் முறுக்கம், ஒரு தடுப்பு முனையின் தேய்மானம் ஆகியவற்றை ஆராய வேண்டும். கழுத்தை ஒட்டிய குழல்களில் வண்ணம் வெடித்தோ சுருங்கியோ காணப்பட்டால் விபத்தில் சட்டம் வளைந்திருக்கலாம். அத்தகைய வண்டியை ஓட்டுதல் கூடாது.

இறுதியாக, கியர் இல்லாத நிலையில் இயந்திரத்தை இயக்கி, கைப்பிடியை இருபுறமும் முழுவதும் திருப்ப வேண்டும். அப்போது இயந்திரத்தின் வேகம் கூடினால் ஆக்சிலரேட்டர் வடம் இழுபடுகிறது. வளைவில் திரும்பும்போது வண்டி திடீரெனப் பாய இதுவே காரணமாகலாம்.

எச்சரிக்கைகள்

இடைவெளிக்காகக் கலனைத் தட்டி ஒடுக்குவது மூல காரணத்தை மறைத்துவிடும். இடைவெளி போதாவிட்டால் திருப்பத்தில் கட்டைவிரல் கலனுக்கும் கைப்பிடிக்கும் இடையில் நசுங்கும். தொடர்ந்து உரசும் தகடு நாளடைவில் மெலிந்து பெட்ரோல் கசியும். உரசிய மின்கம்பியின் உறை கிழிந்தால் அங்கேயே தீப்பொறியும் எழலாம்.

பெட்ரோல் ஆவி காற்றை விடக் கனமானது என்பதால் தரையை ஒட்டிப் பரவும். காலியான கலனிலும் ஆவி தங்கியிருக்கும். எனவே முறையாகக் கழுவி ஆவியை முழுவதும் நீக்காமல் கலனுக்குப் பற்றவைப்பு செய்தல் வெடிப்பை உண்டாக்கும். பட்டாசு, தீப்பெட்டித் தொழிற்கூடங்கள் மிகுந்த விருதுநகர் மாவட்டத்தில், கசியும் கலனுடைய வண்டியை அவற்றின் அருகே கொண்டு செல்வதை அறவே தவிர்க்க வேண்டும்.

இவற்றையும் பார்க்க

* விசையுந்து
* ராயல் என்ஃபீல்டு
* பெட்ரோல்