சும்மா இருந்ததுதான் சிக்கல்

பலதுறைத் தொழிற்கல்லூரியின் இறுதியாண்டில், இணையத்தில் மளிகை விற்கும் ஒரு நிறுவனத்தில் வேலைப்பயிற்சியில் இருந்தேன். மூன்றாவது வாரம், மதிய உணவு முடிந்து திரும்பியபோது வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் தொலைபேசிகள் ஓயாமல் ஒலித்தன. பொருள்களைப் பார்க்க முடிகிறது, வாங்கத்தான் முடியவில்லை என்று எல்லாரும் புகார் சொன்னார்கள்.

மேற்பார்வையாளர் கூட்டத்தில் இருந்ததால் நானே தரவுத்தளச் சர்வரில் நுழைந்து ‘டாப்’ என்று தட்டினேன். எந்தச் செயலாக்கம் எவ்வளவு சிபியு, எவ்வளவு நினைவகம் எடுக்கிறது என்று காட்டும் லினக்ஸ் கட்டளை அது. அங்கிருந்த போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம், தன்னுடன் இணையும் ஒவ்வோர் இணைப்புக்கும் தனிச் செயலாக்கம் ஒன்றைத் தொடங்கும். அதனால் பட்டியல் நீண்டுகொண்டே போனது.

நினைவகக் கணக்கைக் கூட்டிப் பார்த்தேன். சர்வரில் இருப்பதைவிட அதிகமாக வந்தது! எல்லாரும் பகிர்ந்துகொள்ளும் நினைவகத்தை ‘டாப்’ ஒவ்வொரு செயலாக்கத்தின் கணக்கிலும் சேர்த்துக் காட்டும் என்பது பிறகுதான் தெரிந்தது. பட்டியலின் உச்சியில் ஒன்று 99 விழுக்காடு சிபியுவை விழுங்கிக்கொண்டிருந்தது. அது மாத அறிக்கை தயாரிக்கும் வேலை. திருடன் சிக்கினான் என்று எண்ணி ‘கில் -9’ கட்டளையால் அதைக் கொன்றேன். எல்லா இணைப்புகளும் ஒருசேர அறுந்தன. சற்று நேரத்தில் தரவுத்தளம் தானே எழுந்தது, விற்பனையும் நடந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மேற்பார்வையாளர் வந்து பதிவுக் கோப்பைத் திறந்தார். போஸ்ட்கிரெஸின் ஒரு செயலாக்கத்தை அப்படிக் கொன்றால், பகிர்ந்த நினைவகம் கெட்டிருக்கலாம் என்ற ஐயத்தில் அது மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுப் புதிதாகத் தொடங்கும். காத்திருந்த ஆர்டர்கள் அத்தனையும் ரத்தாகியிருந்தன. அறிக்கை வேலைக்கும் முடக்கத்துக்கும் தொடர்பே இல்லை. பூட்டைப் பிடித்திருக்கும் செயலாக்கம் எது, அதற்காகக் காத்திருப்பவை எவை என்று கோப்பில் வரிவரியாக எழுதியிருந்தது.

“இது யாருடைய இணைப்பு?” என்று கேட்டார். என்னுடையது.

சாப்பிடப் போவதற்குச் சற்றுமுன் கையிருப்புப் பட்டியல் முழுவதிலும் ஒரு திருத்தம் செய்திருந்தேன். தவறினால் மீட்கலாமே என்று முதலில் ‘பிகின்’ தட்டினேன். ‘கமிட்’ தட்டுவதற்குள் நண்பர்கள் கூப்பிட்டார்கள். அந்த நிலையில் பட்டியலை மற்றவர்கள் படிக்கலாம்; நான் தொட்ட வரிகளை மாற்ற முடியாது. ஒவ்வோர் ஆர்டரும் கையிருப்பைக் குறைக்க வேண்டுமே! எல்லாம் என் பின்னால் வரிசையில் நின்றன.

‘டாப்’ பட்டியலில் நானும் இருந்தேன், 0 விழுக்காடு சிபியுவுடன், கண்ணில் படாத அடிவரியில்.

நான் பார்த்திருக்க வேண்டியது போஸ்ட்கிரெஸுக்குள்ளேயே இருக்கும் ‘பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டி’. ஒவ்வோர் இணைப்பும் என்ன செய்கிறது, எப்போது தொடங்கியது, எதற்குக் காத்திருக்கிறது என்று அது சொல்லும். என் இணைப்புக்கு நேரே ‘ஐடில் இன் டிரான்சாக்ஷன்’ என்று இருந்திருக்கும். வேலையைத் தொடங்கிவிட்டுச் சும்மா இருப்பது என்று பொருள். அந்த ஓர் இணைப்பை மட்டும் முறையாகத் துண்டிக்கும் கட்டளையும் உண்டு. இப்படித் தூங்குபவற்றைக் குறிப்பிட்ட நேரத்தில் தானே துண்டிக்கும் அமைப்பு 2016இல் வந்த 9.6 பதிப்பிலிருந்தே இருக்கிறது. ஆனால், நாமாக இயக்கினால்தான் அது வேலை செய்யும். அங்கு யாரும் இயக்கியிருக்கவில்லை.

மேற்பார்வையாளர் அன்றே என்னை அதை இயக்க வைத்தார். பிறகு ரத்தான ஆர்டர்களின் பட்டியலைத் தந்து, வாடிக்கையாளர்களுக்கு மன்னிப்பு மின்னஞ்சல் எழுதச் சொன்னார். இரவு ஏழு மணிவரை எழுதினேன்.