வெண்கலப் பதக்கத்தை எதிராளி கழுத்தில் போட்ட வீராங்கனை!

குத்துச்சண்டையில் நியாயம் கிடைக்கவில்லை என்று அழுதவர்கள் பலர் உண்டு. பரிசு மேடையிலேயே "இந்தப் பதக்கம் வேண்டாம்" என்று கொடுத்துவிட்டு இறங்கியவர் மணிப்பூர் மங்கை சரிதா தேவி.

2014-ம் ஆண்டு தென்கொரியாவின் இஞ்சியோன் நகரில் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. செப்டம்பர் 30-ந் தேதி பெண்கள் 60 கிலோ பிரிவு அரை இறுதி. சரிதாவுடன் மோதியவர் கொரிய வீராங்கனை பார்க் ஜினா.

சரிதா லேசுப்பட்டவர் அல்ல. 2006-ல் உலக சாம்பியன். குழந்தை பெற்ற பிறகும் மறுபடி களத்தில் இறங்கி, 2014-ல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் வெள்ளி வென்றவர்.

சரமாரி குத்து

மொத்தம் 4 சுற்று. சரிதாவின் குத்துகள் சரமாரியாக விழுந்தன. பார்க் தடுமாறினார். ஜெயிச்சது சரிதாதான் என்று இந்தியத் தரப்பு முடிவே கட்டிவிட்டது. ஆனால் நடுவர் தூக்கியது பார்க்கின் கையை! 3 நீதிபதிகளும் பார்க் பக்கம். 3-0.

அதெப்படி என்கிறீர்களா? ஓட்டப் பந்தயத்துக்குக் கடிகாரம் இருக்கு. குத்துச்சண்டையில் யாரும் மயங்கி விழாவிட்டால், மேடை ஓரம் உட்கார்ந்திருப்பவர்கள் போடும் மார்க்தான் எல்லாம். சுற்றில் ஜெயித்தவருக்கு 10, தோற்றவருக்குப் பெரும்பாலும் 9. யார் குத்து சுத்தமாக விழுந்தது என்பதைக் கண்ணால் பார்த்து மனசால் எடை போட வேண்டும்.

கல்வராயன் மலையில் இருந்து கள்ளக்குறிச்சிக்குப் புளி மூட்டை கொண்டு வருபவர், எடையில் சந்தேகம் வந்தால் "இறக்கி மறுபடி போடுப்பா" என்று கேட்கலாம். சரிதாவுக்கு அந்த வழியும் இல்லை.

கைமாற்று வாங்கி மனு

மேல்முறையீட்டுக்கு 500 டாலர் கட்ட வேண்டும். சரிதா தரப்பினர் அங்கேயே கைமாற்று வாங்கிக் கட்டினார்கள். பலன்? நீதிபதிகளின் மார்க்கை எதிர்த்து மனு செய்ய விதியில் இடமில்லை என்று தள்ளிவிட்டார்கள். கேட்கவே முடியாத மனுவுக்குக் கட்டணம் எதற்கோ!

மறுநாள் பரிசளிப்பு. சரிதாவின் கண்களில் தாரை தாரையாகக் கண்ணீர். பதக்கத்தைக் கழுத்தில் போட விடவில்லை. கையில் வாங்கினார். நேராக பார்க்கிடம் போய் அவர் கழுத்தில் போட்டார். திகைத்துப்போன பார்க் திருப்பிக் கொடுக்கப் பார்த்தார். சரிதா வாங்கவில்லை.

அப்புறம் தண்டனைக்கு மட்டும் தாமதம் இல்லை. சரிதா மன்னிப்புக் கேட்டும், சர்வதேச குத்துச்சண்டை சங்கம் ஓராண்டு தடையும் 1,000 சுவிஸ் பிராங்க் அபராதமும் போட்டது. கியூபா நாட்டுப் பயிற்சியாளர் பெர்னாண்டசுக்கு 2 ஆண்டு தடை. பார்க்கோ இறுதிப் போட்டியில் சீன வீராங்கனை இன் ஜுன்ஹுவாவிடம் தோற்றார்.

சியோல் தங்கம்

கொரியாவில் இப்படி ரகளை நடந்தது முதல் தடவை அல்ல. 1988 சியோல் ஒலிம்பிக் இறுதிப் போட்டியில் அமெரிக்காவின் ராய் ஜோன்ஸ் 86 குத்துகள் விட்டார். கொரியாவின் பார்க் சிஹுன் விட்டது 32. தங்கம் 3-2 தீர்ப்பில் பார்க்குக்கு! 2023-ல் பார்க் சிஹுன் அமெரிக்காவுக்கே போய் அந்தத் தங்கத்தை ஜோன்சிடம் கொடுத்தார். 35 வருஷம் அவர் நெஞ்சில் அது என்ன கனம் கனத்ததோ!

சரிதாவைத் தண்டித்த சங்கத்தின் கதையும் நாறியது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் தீர்ப்புகளில் தில்லுமுல்லு நடந்ததாக 2021-ல் விசாரணை அறிக்கை வந்தது. 2023-ல் ஒலிம்பிக் கமிட்டி அங்கீகாரத்தையே பறித்துவிட்டது.

தடை முடிந்து சரிதா மீண்டும் கையுறை மாட்டினார். 2017 ஜனவரியில் சொந்த மாநிலமான மணிப்பூரின் இம்பாலில் முதல் தொழில்முறைப் போட்டி. எதிரே ஹங்கேரியின் சோபியா பெடோ. யாரும் மயங்கி விழவில்லை. மறுபடி நீதிபதிகளின் மார்க்தான். ஜெயிச்சது சரிதா.